தலைவர் மைக்கில் இருந்த பேட்டரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மகம் முடிந்த மறுநாள் சாயங்காலம். இடம், எங்கள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் போட்டிருந்த மேடை. அன்றைக்கு என் மானம் கப்பலேறிப் போய், அதே கப்பலில் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. இந்தக் கதையை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் எனக்கு இன்னமும் கை கால் பரபரக்கும்.

நான் கதிர்காமத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். வாரமெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற கை, ஞாயிற்றுக்கிழமையானால் பேஸ் கிட்டார் வாசிக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பாட்டுக்கு அடியில் 'தொம் தொம்' என்று ஒரு சத்தம் போகுமே, அதுதான் பேஸ். சாதாரணக் கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலே நாலு தடித்த கம்பி. என் மாமியார் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "மீதி ரெண்டு கம்பி எங்கம்மா, அறுந்துபோச்சா?" என்று பாவமாகக் கேட்டார். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே நான் 'கிட்டார்க்காரி'. ஆனால் ஒவ்வொரு கல்யாண ரிசப்ஷனிலும் மேடையை விட்டு இறங்கினால் யாராவது ஒருத்தர், "எல்லாம் சூப்பரா இருந்துச்சு. ஆமா, நீங்க வாசிச்சது மட்டும் கேக்கவே இல்லையே?" என்பார். சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மெல்லிசைக் குழு சின்னது. குழுவை நடத்துகிறவரே கீபோர்டு வாசிக்கிறவர், எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். பழைய பேஸ்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் இது புதிதில்லையே! அந்த இடத்துக்கு நான் வந்தேன். இங்கே பல குழுக்களில் பேஸுக்கென்று தனி ஆளே கிடையாது, கீபோர்டுக்காரரின் இடது கையே அதையும் பார்த்துக்கொள்ளும். வண்டியில் ஓர் ஆள் குறையும், ஒரு பெட்டி குறையும். பொங்கல் சமயத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"வைத்திக்குப்பம் புரோகிராம் முடியட்டும்மா. பேஸுக்குத் தனியா ஆள் வேணுமா, என் இடது கையே போதுமான்னு அதுல பாத்துட்டு முடிவு பண்ணிடுவோம்."

நல்ல மனுஷர், ஒளிவு மறைவு கிடையாது. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விடுவேனா? புதுக் கிட்டார் வாங்கி அசத்திவிடுவது என்று கிளம்பினேன். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று சாதாரண வகை, பழுப்பு நிறம், இரண்டே திருகு, பேட்டரி கீட்டரி எதுவும் வேண்டாம். இன்னொன்று உள்ளே ஒரு சின்னப் பேட்டரி போட்டால்தான் ஓடுகிற வகை. கடல் நீலம்! வரிசையாகத் திருகுகள், லேசாகத் தொட்டாலே புலி மாதிரி உறுமியது. கூட வந்த என் வீட்டுக்காரர் பழுப்பைக் காட்டி, "இது போதுமே, எடுத்தமா வாசிச்சமான்னு இருக்கும்" என்றார். சங்கீதத்தில் அவருக்கு என்ன தெரியும் என்று நான் நீலத்தைத் தூக்கிக்கொண்டேன். கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது, வாசிக்காத நேரத்தில் ஒயரைக் கிட்டாரிலிருந்து பிடுங்கி வைக்கச் சொன்னார். சொருகியே இருந்தால் பேட்டரி உள்ளே தீர்ந்துகொண்டே இருக்குமாம். நன்றாகத் தலையாட்டினேன். கண் முழுக்க நீலமாக இருந்ததால் அது காதில் ஏறவில்லை.

வீட்டில் தினமும் பயிற்சி. நடுவில் குக்கர் விசில் அடிக்கும், கிட்டாரை அப்படியே ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு ஓடுவேன். ஒயர் சொருகினபடியே கிடக்கும். சில நாள் மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் கிடக்கும்.

நிகழ்ச்சி நாளன்று மதியமே போய் மைக், ஸ்பீக்கர் எல்லாம் சரி பார்த்தோம். என் சத்தம் லேசாகக் கரகரத்தது. உப்புக் காற்றில் ஸ்பீக்கர் அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சவுண்டு சர்வீஸ்காரர், "எல்லாம் செட் பண்ணியாச்சு, யாரும் எந்த ஒயரையும் தொடாதீங்க" என்று கத்திவிட்டுப் போனார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக, நீலக் கிட்டாரை ஒயரோடு ஒரு போர்வையால் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இருட்ட ஆரம்பித்ததும் ஆரம்பித்தோம். அடேயப்பா, என்ன கூட்டம்! கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளில்கூட உட்கார இடமில்லை. மேடைக்கு முன்னால் பெண்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள், நடுவில் ஓர் அக்கா. விழாக் கமிட்டியில் இருப்பவர், மீன் வியாபாரம் செய்பவர் என்று பிறகு தெரிந்தது. நல்ல உயரம், பச்சைப் புடவை, இடுப்பில் சொருகிய முந்தானை. முதல் பாட்டிலேயே அவர் ஆடத் தொடங்கிவிட்டார். அவர் ஆட, மற்றவர்களும் ஆட, எனக்கு மேடையில் கால் தரிக்கவில்லை. டிரம்ஸ்காரத் தம்பியின் கால் மிதிக்கும் ஒவ்வொரு அடியிலும் என் விரல் சரியாக விழுந்தது. அவன் என்னைப் பார்த்து, "அக்கா, செமக்கா!" என்று கத்தினான். அண்ணன்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

நினைத்து முடிப்பதற்குள் வந்தது வினை. நல்ல குத்துப் பாட்டின் நடுவில் என் கிட்டார் தொண்டை கட்டினமாதிரி கரகரத்தது. அப்புறம் முனகியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. திருகைத் திருப்புகிறேன், ஒயரை ஆட்டுகிறேன், கம்பியைப் பிடித்து இழுக்கிறேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறது!

அண்ணன் பழம் தின்று கொட்டை போட்டவர் அல்லவா? ஒரு நொடியில் புரிந்துகொண்டு இடது கையால் பேஸையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பாட்டு நிற்கவே இல்லை. என்னைப் பார்த்து, கவலைப்படாதே என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். அந்த ஆறுதல்தான் என்னைக் கொன்றது. போச்சு, நான் இல்லாமலும் பாட்டு ஓடும் என்று ஊருக்கே நிரூபித்தாகிவிட்டது. கையில் ஊமைக் கிட்டாரோடு, வாசிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு நின்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. முன்வரிசைப் பெண்களின் ஆட்டம் தளர ஆரம்பித்தது. ஒருத்தர் நின்றார், இன்னொருத்தர் சும்மா கை தட்டினார். பச்சைப் புடவை அக்கா மட்டும் ரெண்டு தடவை ஆடிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததுமே நேராக மேடை ஓரத்துக்கு வந்து அண்ணனைப் பிடித்தார்.

"ஏங்க, என்னா ஆச்சு? பாட்டு ஏன் சப்புன்னு ஆயிடுச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் போய்க்கிட்டுத்தான இருக்குது" என்று சமாளித்தார் அண்ணன்.

"எங்க போவுது? இம்மா நேரம் இங்க தொம்மு தொம்முன்னு இருந்துச்சே, அது எங்க?" என்று தன் நெஞ்சிலேயே தட்டிக் காட்டினார் அக்கா. "அது இல்லாம எப்பிடி ஆடறது? கால் எழும்ப மாட்டேங்குது!"

பின்னாலிருந்து நாலைந்து பெண்கள், "ஆமாமா, தொம் தொம் வேணும்!" என்று குரல் கொடுத்தார்கள். எனக்குக் கிட்டாரை மறந்து கத்த வேண்டும்போல இருந்தது. என்னைத்தான் கேட்கிறார்கள். பேர் தெரியாமல், பொருள் தெரியாமல் என்னைக் கேட்கிறார்கள்! அண்ணன் தன் இடது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மைக்கில், "சின்ன இடைவேளை" என்றார்.

இடைவேளை என்றதும் ஊர்த் தலைவர் தம்முடைய கார்ட்லெஸ் மைக்கோடு மேடையேறிவிட்டார். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர், பந்தல் போட்டவர், தேங்காய் கொடுத்தவர் என்று ஒவ்வொருவருக்காக நன்றி சொல்ல ஆரம்பித்தார். நான் மேடைக்குப் பின்னால் கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கத்து மூடியைத் திறந்தேன். அந்தச் சதுரப் பேட்டரியைப் பார்த்ததும் கடைக்காரர் சொன்னது சுரீரென்று ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். மாற்றுப் பேட்டரி? ஒன்றுகூட எடுத்து வரவில்லை. குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறவரிடம் கேட்கலாமென்றால், அவருடைய சாமான்களெல்லாம் கரண்டில் ஓடுகிறவை. பாட்டுக் கேட்க வந்திருந்த என் வீட்டுக்காரர் கடைக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தார், ஆனால் திருவிழாக் கூட்டத்தில் வண்டி ஒரு முழம் நகரவில்லை.

பச்சைப் புடவை அக்கா என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்னாலேயே வந்துவிட்டார். என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கட்டை பேட்டரிதானா? இதுக்கா தங்கச்சி இப்பிடி நிக்கறே? நேத்துதான் நானே கடையில வாங்கியாந்து தலைவர் மைக்குல போட்டேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் மேடையில் ஏறிவிட்டார். தலைவர் அப்போதுதான் வாழைமரம் கட்டியவர்களுக்கு வந்திருந்தார்.

"மாமா, பேசுனது போதும். மைக்கைக் குடு."

"இரு புள்ளே, இன்னும் ஐஸ் குடுத்தவங்க..."

"அவங்க வூட்டுக்கே போயி நான் சொல்லிடறேன், குடு!"

மைக்கைப் பிடுங்கி, அடிப்பக்கத்தைத் திருகி, பேட்டரியை உருவிக்கொண்டு இறங்கினார் அக்கா. தலைவரின் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் விசிலடித்த மாதிரி நான் எங்கேயும் கேட்டதில்லை. தலைவரும் கடைசியில் சிரித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நல்லவேளை, மாமன் முறை!

பேட்டரியைப் போட்டேன். அவசரத்தில் மூடி சரியாக மூடவில்லை, டிரம்ஸ்காரத் தம்பி ஒரு துண்டு டேப்பை ஒட்டினான். மேடைக்கு வந்து தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டினேன். தொம்ம்ம்! பெட்டி ஸ்பீக்கர் உறுமியது, காலடியில் பலகை அதிர்ந்தது. கீழே பச்சைப் புடவை அக்கா நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். அந்தப் பாட்டையே மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். படகில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட இறங்கி வந்து ஆடினார்கள். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து, விரல் மட்டும் தாளம் தப்பாமல் ஓடியது.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அண்ணன் என் ஸ்பீக்கர் பெட்டியைத் தாமே தூக்கி வைத்தார். "இனிமே என் இடது கைக்கு லீவு குடுத்துட்டேம்மா" என்றார். அவ்வளவுதான் அவர் முடிவு. அக்காவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ, "பேட்டரியை நீயே வெச்சிக்கோ. அந்த மனுஷன் ரெண்டு நாளு பேசாம இருக்கட்டும்" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது என் பையில் எப்போதும் மாற்றுப் பேட்டரி இருக்கிறது. வாசித்து முடித்ததும் முதல் வேலை ஒயரைப் பிடுங்குவது. போதாததற்கு அந்தப் பழுப்புக் கிட்டாரையும் வாங்கிவிட்டேன், வெளியூர் நிகழ்ச்சி என்றால் அதுதான் வரும். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கும்போதெல்லாம், "யாரு சொன்னா, யாரு கேட்டா" என்று பாட்டாகவே பாடுகிறார். பாடட்டும். அடுத்த வருடமும் வைத்திக்குப்பத்தில் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டதும் தலைவர் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் யாராவது, "நீங்க வாசிச்சது கேக்கவே இல்லையே" என்கிறார்கள். முன்போல உள்ளே பற்றிக்கொண்டு வருவதில்லை. பேஸ் என்ற பேரே தெரியாத ஒருத்தர், அது நின்ற உடனே நெஞ்சைத் தட்டிக் காட்டி என்னைத் தேடி வந்தாரே, எனக்கு இந்த ஜென்மத்துக்கு அந்தக் கைதட்டல் போதும்.