அம்மாவின் சப்பை மூக்கன்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன வந்தது? தச்சநல்லூரில் எங்கள் வீட்டு அரங்கில், அதாவது நெல்லும் பாத்திரமும் போட்டு வைக்கிற இருட்டறையில், பித்தளை ஏனங்களுக்கு நடுவே ஒரு தகரப்பெட்டி உண்டு. அதற்குள் அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றி அந்த ரிவால்வர் கிடக்கும். மொத்தமே ஒரு சாண் நீளம் வராது. அதில் குழல் என் கட்டைவிரல் அளவுதான். உரிமப் புத்தகத்தில் ‘ஸ்நப் நோஸ் ரிவால்வர், குழல் நீளம் இரண்டு அங்குலம்’ என்று எழுதியிருந்தது. ஸ்நப் நோஸ் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். சின்ன, சப்பையான மூக்கு என்று அண்ணன் சொன்னான். அன்றிலிருந்து அதற்குச் சப்பை மூக்கன் என்றே பேராகிவிட்டது.

களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு வாழையும் நெல்லுமாக நிலம் இருந்த காலத்தில் அப்பா வாங்கியது அது. பன்றி விரட்ட என்று சொல்லி வாங்கினாராம். அந்தக் குட்டைக் குழலை வைத்துக்கொண்டு பன்றியைச் சுட வேண்டுமென்றால் பன்றி வந்து மடியில் உட்கார வேண்டும். கௌரவத்துக்கு வாங்கியது என்பது ஊருக்கே தெரியும். பிறகு நிலம் துண்டு துண்டாகப் போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, அப்பா காலமானபோது மிஞ்சியது தச்சநல்லூர் வீடு, இரண்டு வயல், இந்தத் துப்பாக்கி. வீடும் வயலும் அண்ணன் பேருக்குப் போயின. துப்பாக்கியை மட்டும் அவன் வேண்டாம் என்றான். அவனுக்குப் பாங்கு வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர். போகிற ஊருக்கெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? ஆகவே உரிமம் அம்மா பேருக்கு மாறியது.

அம்மா பேரில் அதற்கு முன்னால் ஒன்றுமே இருந்ததில்லை. ரேஷன் அட்டையில் அவள் அப்பாவுக்குக் கீழே ஒரு வரி. கல்யாணத்துக்குப் போட்ட நகை என் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியாயிற்று. இந்த ஒரு புத்தகத்தில்தான் அவள் போட்டோவை ஒட்டி, அவள் பேரை எழுதி, மேலே அரசாங்க முத்திரை குத்தியிருந்தார்கள். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு அதை எடுத்து வைத்துப் பார்ப்பாள். நாங்கள் பார்க்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு.

“என்னத்தம்மா பாக்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“போட்டோ மங்கிருச்சான்னு பாக்கேன், ட்டி. வேற என்ன?”

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டிசம்பரில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். துப்பாக்கியையும் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்றைக்கு அம்மாவுக்குத் தேரோட்டம்தான். விடியுமுன் தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டு உடுத்தி, துப்பாக்கியை ஒயர் கூடையில் வைத்து, மேலே நாலு வெற்றிலையும் ஒரு சீப்புப் பழமும் வைத்து மூடுவாள். குண்டுகள் வீட்டிலேயே பவுடர் டப்பாவில் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் அது. நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அரையாண்டு லீவு. அண்ணனும் ஊருக்கு வந்திருந்தான். மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

கிளம்பும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். “எம்மா, பேசாம அந்தச் சவத்த ஒப்படைச்சிட்டு வந்துரு. ஒரு நாளாவது சுட்டிருக்கியா?”

“நீ பாங்குல எண்ணுத ரூவாய ஒரு நாளாவது செலவழிச்சிருக்கியாலே?” என்றாள் அம்மா.

நான் சிரித்த சிரிப்பில் அண்ணன் தெருமுனை வரை என்னோடு பேசவில்லை.

டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் கூடையைக் காலடியில் வைக்கச் சொன்னார். அம்மா மடியை விட்டு அதை இறக்கவே இல்லை. பக்கத்தில் மீன் கூடைக்காரி ஒருத்தி, உவரிக்காரியாம், “அப்படி என்னம்மா வச்சிருக்கிய, பொத்திப் பொத்திப் பிடிக்கிய?” என்று கேட்டாள்.

“துப்பாக்கி” என்றாள் அம்மா.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் நம்பாத ஊரில் பொய் எதற்கு என்பது அம்மாவின் கட்சி. அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆபீசில் வழக்கமாக இருக்கும் கிளார்க் மாறிப்போயிருந்தார். புதியவர் சின்ன வயது, நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனா. இதற்கு முன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேலை பார்த்தவராம். அங்கே வருவதெல்லாம் வயற்காட்டு நாட்டுத் துப்பாக்கியும் இரட்டைக் குழல் துப்பாக்கியும்தான். அதற்கெல்லாம் குண்டோ மருந்தோ போய் உட்காருகிற இடமும் குழலுக்குள்ளேயே இருக்கும். பின் முனையிலிருந்து வாய் வரைக்கும் முழுசாக அளந்து எழுதிவிடலாம். அவர் அந்தப் பழக்கத்திலேயே மர ஸ்கேலை எடுத்து, எங்கள் சப்பை மூக்கனை அதன் வாயிலிருந்து பின்னால் குண்டைத் தட்டுகிற சுத்தியல் வரைக்கும் அளந்தார். அளந்துவிட்டு உரிமத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

“அம்மா, இது உங்க துப்பாக்கி இல்லையே” என்றார்.

“என்னய்யா சொல்லுதிய?”

“ஸ்நப் நோஸ்னு போட்டிருக்கு. அதுன்னா குழல் ரெண்டு அங்குலம் இருக்கும். ரெண்டரை, மிஞ்சினா மூணு வரைக்கும் அந்தப் பேரச் சொல்லலாம். இது நாலரை வருது. வேற துப்பாக்கியக் கொண்டு வந்திருக்கிய.”

“வீட்டுல என்ன டஜன் கணக்குலயா அடுக்கி வச்சிருக்கோம்?” என்றேன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கிளார்க் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. துப்பாக்கியைத் திருப்பி அதன் அடியில் வெட்டியிருக்கும் எண்ணைத் தேடினார்.

“நம்பர் பொருந்தினாலாவது பாக்கலாம். கடைசி ரெண்டு நம்பர் எங்கம்மா? தேஞ்சு போயிருக்கே!”

காரணம் எனக்குத் தெரியும். அம்மா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கைத் தேய்க்கிற கையோடு அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவாள். அப்புறம் அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் வைத்துச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்பாள். எண்ணை யார் தேடினார்கள், பளபளப்பு வந்தால் போதும்.

“பொருளுன்னா பளிச்சின்னு இருக்க வேண்டாமா, தம்பி?” என்று அம்மா கேட்டாள். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

கிளார்க் ஒரு தாளை எடுத்துத் தலைப்பு எழுத ஆரம்பித்தார். துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். அப்பா வாங்கிய துப்பாக்கியை யாரிடமாவது மாற்றிக்கொண்டோமா என்று விசாரணை நடக்குமாம். விசாரணை முடிகிறவரை உரிமத்தை நிறுத்தி வைப்பார்களாம். சொல்லிக்கொண்டே அந்தப் புத்தகத்தை, அம்மாவின் போட்டோ ஒட்டிய அந்தப் புத்தகத்தை, மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

அம்மா முகம் செத்துவிட்டது. அப்பா போனபோதுகூட நாலு பேர் முன்னால் அவள் அப்படி நின்றதில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை. நான் கத்தினேன். டீச்சர் குரல் வேறு, மூன்று அறைக்குக் கேட்டிருக்கும். பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் எழுந்து வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“விடும்மா” என்றான் அண்ணன் பையக் குனிந்து. “போனாப் போகுது. ஒரு தலைவலி விட்டுச்சின்னு இரு.”

“ஒனக்குத் தலைவலி. எனக்கு?” என்றாள் அம்மா.

அப்புறம் சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு நடந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். காய்கறிக்காரன் தராசைச் சாய்த்துத் தூக்கினால் அப்படித்தான் நடப்பாள்.

“தம்பி, ஒங்க வீட்டுல புட்டு அவிப்பாங்களா?”

கிளார்க் விழித்தார். “அவிப்பாங்க.”

“புட்டுக் குழல அளந்து வாங்கிட்டு வான்னு ஒங்க அம்மா சொன்னா, கீழ இருக்க குடத்தையும் சேத்தா அளப்பிய?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“இங்கன பாருங்க.” அம்மா துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளினாள். குண்டு போடுகிற உருளை களுக்கென்று வெளியே வந்து தொங்கியது. வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் அடுத்த நொடி கதவுக்கு வெளியே இருந்தார்கள். கிளார்க் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

“பயப்படாதிய, காலியாத்தான் இருக்கு. இது குண்டு இருக்க வீடு. இது தனியா வெளிய வந்திருச்சா? வெளிய வாரது எப்படிய்யா குழலாவும்? குழலுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, தெரியுதா? வருஷா வருஷம் அந்தச் சந்துல சந்தனம் போயி ஒட்டிக்கிடும். ஊக்க வச்சு நோண்டி எடுக்கது நாந்தான். நீங்க இல்ல, ஒங்க அதிகாரியும் இல்ல. குழல் எங்கன ஆரம்பிக்குன்னு எனக்குத் தெரியாதா?”

சத்தம் கேட்டு அதிகாரியே அறையிலிருந்து வந்துவிட்டார். நரைத்த தலை, நிதானமான மனுஷர். விஷயத்தைக் கேட்டார். எங்களையும் கிளார்க்கையும் உள்ளே கூப்பிட்டு அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறகு போலீஸ் ஆயுதக் கிடங்கில் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு டெலிபோன் போட்டார். லைன் சரியில்லை. “ரிவால்வருங்க! குழல எங்க இருந்து அளப்பிய?” என்று அவர் கத்தியது ஆபீசுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு அக்கரைக்கே கேட்டிருக்கும். பதில் வந்துகொண்டே இருந்தது, அவர் “ம்ம், ம்ம்” என்றுகொண்டே இருந்தார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

டெலிபோனை வைத்துவிட்டு அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். “உருளைய விட்டுரணுமாம். உருளைக்கு முன்னால இருந்து வாய் வரைக்கும்தான் குழல். அந்தம்மா சொன்னது சரிதான். அளங்க.”

கிளார்க் ஸ்கேலை அந்தச் சந்தில் வைத்து அளந்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வாசலிலும் நாலு தலை எட்டிப் பார்த்தது.

“ரெண்டு அங்குலம்” என்றார் கிளார்க். பிறகு, “ஸ்கேல் பழசு சார், நான் அப்பவே நெனச்சேன்” என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆள்.

நான் கைதட்டிவிட்டேன். ஆபீஸ் என்பதே மறந்துபோயிற்று. வாசலில் நின்றவர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா, இனிமே புளி மட்டும் போடாதிய” என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

தேய்ந்த எண்ணுக்கு ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். டிராயரிலிருந்து புத்தகம் வெளியே வந்தது. அதிகாரி அதைப் புரட்டிக்கொண்டே நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? பையன் இருக்காரே. அவர் பேருக்கு மாத்தித் தாரேன். இனிமே அவரே வந்து போவார்.”

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் சவம் என்று சொன்னவன், அம்மாவுக்கு நாற்காலி போட்டதைப் பார்த்தானோ என்னவோ, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான்.

“ஆமா சார், அதுவும் நல்லதுதான். நானும் இப்போ பக்கத்து ஊருக்கு மாறி வந்துட்டேன். எம்பேருலேயே எழுதிருங்க. அம்மாவுக்கு எதுக்கு சிரமம்” என்றான். அவனும் பாசத்தில்தான் சொன்னான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“இருங்க” என்றாள் அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

“அவன் பேருல வீடு இருக்கு. வயல் இருக்கு. நல்லா இருக்கட்டும், எம்புள்ளதானே. எம்பேருல இருக்கது இந்த ரெண்டு அங்குலந்தான், சார். அது எங்கிட்டயே இருக்கட்டும்.”

அண்ணன் காது சிவந்து குனிந்துகொண்டான். பிறகு அவனே, “அம்மா பேருலயே போடுங்க சார்” என்றான்.

“பேரச் சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தன் முழுப் பேரையும் சொன்னாள்.