வாதி காரில் வந்த சம்மன்

சமீபத்தில் எங்கள் பட்டறைக்கு நீதிமன்றம் வந்தது. ஏசி காரில்.

விளங்கவில்லையா? முதலிலிருந்தே சொல்கிறேன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் போகிற வழியில் என் மைத்துனன் சேகர், பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். நானும் அதில் பார்ட்னர் — பெயரளவில். லாபம் வந்தால் அவனுக்கு, வழக்கு வந்தால் எனக்கும் சேர்த்து.

ஷெட் பாஸ்கருடையது. நெல் விளைந்த நிலத்தில் ஷெட் போட்டால் இன்னும் நன்றாக விளையும் என்று கண்டுபிடித்தவர். யாரோ கூடுதல் வாடகை தருவதாகச் சொல்ல, எங்களைக் காலி செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போய்விட்டார். எந்தக் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். வழக்கு நடக்கிறது. ஷெட் போனால் சேகருக்குத் தொழிலே போச்சு. அவனுக்கு ராத்தூக்கம் கிடையாது.

இந்த நிலைமையில்தான் பாஸ்கரின் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பாஸ்கர். பக்கத்து சீட்டிலிருந்து ரெக்ஸின் பையோடு இறங்கியவர், சம்மன் கொடுக்கும் கோர்ட் ஊழியர் ஏழுமலை. ஐம்பதைத் தாண்டியவர். பழவேற்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் ஏரியில் மீன் பிடிக்க, இவர் மட்டும் பிரதிவாதிகளைப் பிடிக்கிறார்.

சேகர் என் காதருகே குனிந்தான்.

“இன்னா மாமா இது... தீர்ப்பையும் அதே வண்டிலதான் எடுத்தாருவாங்களா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். எதிராளியின் பெட்ரோலில் வருகிற நியாயம் எந்தப் பக்கம் இறங்கும்?

கையெழுத்துப் போட்டுச் சம்மனை வாங்கிக்கொண்டோம். உடனே பாஸ்கர் காரை ஸ்டார்ட் செய்தார்.

“எனக்கு ரைஸ் மில்லுல வேல கீது நைனா. நீ பஸ் புடிச்சிப் பூடு.”

கார் போய்விட்டது. சம்மன் கொடுத்தாயிற்று... இனி ஊழியர் எதற்கு?

பஸ் எப்போது வரும் என்று அந்த ரோட்டில் யாருக்கும் தெரியாது; டிரைவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். நல்ல வெயில். ஏழுமலை பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கோபம் இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன்.

“உக்காருங்க. ரயில்வே ஸ்டேஷன்ல விடறேன்.”

கொஞ்சம் தயங்கினார். வெயிலைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

நான் சும்மா இருப்பேனா? “கோர்ட்டு ஆளு பார்ட்டியோட கார்ல வரலாமாங்க?” என்று கேட்டேன்.

“வரக் கூடாது சார்.”

“அப்புறம்?”

“பஸ்ல போய்க்கினுதான் இருந்தேன் சார். நம்ம கைக்காசுதான் போடணும். அப்பால பில்லு எழுதிக் குடுத்தா பயணப்படின்னு வரும். வரும்... வரும்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கினு கீறாங்க. ஒண்ணும் வர்ல. ஊட்ல டப்பு கேட்டா, கவர்மென்டுக்குக் கடன் குடுத்துகீறேன்னு சொல்றேன். ஒரே பேஜாரு சார்.”

அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கிற மனிதரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வட்டி கிடையாது. அசலும் கிடையாது.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் ஒரு கார். கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே பாஸ்கர்.

அவர் என்னைப் பார்த்தார். ஏழுமலையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பேசாததற்கும் சேர்த்துப் பின்னால் எழுதிவிட்டார் — புகார். கோர்ட் ஊழியர் பிரதிவாதியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டார், அவருடைய ஸ்கூட்டரிலேயே சவாரி செய்கிறார், நடவடிக்கை வேண்டும். ஏழுமலைக்கு மெமோ. விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கும் ஓலை.

போனேன். விசாரித்தவர் கோர்ட் அலுவலகத்தின் தலைமை அதிகாரி, சிரஸ்தார். கண்டிப்பானவர் என்று பெயர். ஏழுமலை சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. சஸ்பெண்ட் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் வரைக்கும் ஆட்டம் காணும் என்று வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். உதவி செய்யப் போய் மனிதரை மாட்டிவிட்டோமே.

சிரஸ்தார், எதிரே உட்கார்ந்திருந்த பாஸ்கரிடம் ஆரம்பித்தார்.

“இவரு ஸ்கூட்டர்ல போனதை நீங்க எப்படிப் பாத்தீங்க?”

“கேட்டாண்ட பாத்தேன் சார். நம்பவே முடியல. நான்தான் இவர என் கார்ல இட்டாந்து உட்டேன். ஏசி கூட போட்டேன். திரும்பிப் போவச்சொல்லோ அந்தாளு வண்டில குந்திகினு போறாரு.”

சிரஸ்தாரின் பேனா நின்றது.

“உங்க கார்லயா?”

“ஆமா சார். நாஷ்டா கூட நான்தான்...” பாஸ்கருக்குப் பாதியில் ஏதோ உறைத்தது. மீதி வாக்கியத்தை விழுங்கிவிட்டார்.

சிரஸ்தார் ஏழுமலை பக்கம் திரும்பினார். “ஏன்யா, பஸ்ல போக மாட்டியா?”

“பஸ்ல போய்த்தான் பில்லு குடுத்தேன் ஐயா. நீங்களே பாருங்க.”

பழைய பில்களின் கட்டு வந்தது. பிரித்தார்கள். ஒவ்வொரு பில்லிலும் பஸ் டிக்கெட்டுகளை ஒழுங்காக ஒட்டியிருந்தார் மனிதர். ஆனால் டிக்கெட்டில் ஒரு எழுத்து இல்லை. கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கிற காகிதம் அல்லவா? மேஜை மேஜையாக நகர்வதற்குள் மை பறந்துபோய், எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு மனிதன் பழவேற்காட்டுக்கும் சோழவரத்துக்கும் அலைந்ததற்கான அத்தாட்சி — துண்டுத் துண்டாக வெள்ளைக் காகிதம்.

சிரஸ்தார் கட்டை மூடினார். குரலைத் தணித்துச் சொன்னார்:

“ட்ரெயினிங் போன என் பயணப்படி பில்லும் பாஸ் ஆகாம அந்த செக்‌ஷன்லதான்யா இருக்கு.”

கண்டிப்பானவர் என்ற பெயரை அந்த ஒரு வரியில் இழந்தார்.

முடிவு வந்தது. சஸ்பெண்ட் இல்லை, எச்சரிக்கை மட்டும். இனிமேல் வாதி, பிரதிவாதி யாருடைய வாகனத்திலும் ஏறக் கூடாது, பஸ்ஸில்தான் போக வேண்டும். சரி, பழைய பாக்கி? அதற்கும் உத்தரவு உண்டு — எழுத்து தெரிகிற டிக்கெட்டுகளோடு பில்களை மறுபடி சமர்ப்பிக்கவும்.

வெளியே வந்ததும் ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேஸ் போட்டவரு கார்ல வந்தா தப்பு. கேஸ் வாங்கனவரு வண்டில போனா தப்பு. கரெக்டுதான் சார். ஆனா கோர்ட்டு காசுல போவணும்னா, கோர்ட்டு காசு குடுக்கணுமில்ல?”

பாஸ்கர் சற்றுத் தள்ளி நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல நைனா” என்றார். ஏழுமலை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

நியாயத்தின் கண்களைக் கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். கட்டட்டும். பாக்கெட்டையும் சேர்த்து ஏன் தைத்துவிட்டார்கள்?

போன வாரம் ஏழுமலை மறுபடி பட்டறைக்கு வந்தார். பாஸ்கர் போட்ட இன்னொரு மனுவுக்கு நோட்டீஸ். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்கிறார். உச்சி வெயில். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். ஃபேனுக்கடியில் வந்து உட்காரச் சொன்னதற்கு அசையவில்லை. சேகர் உள்ளே ஓடி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தான். முதல் நாள் அவரைப் பார்த்து என் காதில் முணுமுணுத்த அதே சேகர்.

ஏழுமலை சொம்பைப் பார்த்தார்.

“வாணாம் சார். நீங்க பார்ட்டி. கேஸ் முடியட்டும், வந்து குந்தி நிதானமா குடிக்கிறேன்.”

கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.

சிவில் வழக்கு... அதுவரைக்கும் மோர் புளிக்காமல் இருக்க வேண்டும்.