சீட்டு விளையாடும் உத்தியோகம்

புருசன் சூதாடி என்று சொல்லி அழுவதற்குக்கூடக் கிருசாந்தினிக்கு வழியில்லை. யசிந்தன் குடிக்க மாட்டான், கடன் வாங்க மாட்டான், போக்கர் சீட்டு மேசையில் நிதானம் தவறவும் மாட்டான். நன்றாக விளையாடுவான். அதுதான் வந்த வினை.

இரண்டு வருசத்துக்கு முன் மால்டாவில் ஒரு போட்டியில் மூன்றாம் இடம் வந்தான். வந்த கையோடு, வியா மக்வேதா தெருவில் எமிலியானா சிஞ்ஞோரா என்ற இத்தாலியக் கிழவியைப் பராமரித்துக்கொண்டிருந்த வேலையை விட்டான். இனி இதுதான் தன் தொழில் என்று அறிவித்தும் விட்டான்.

அவர்கள் இருந்த இத்தாலியின் பலெர்மோ நகரில் கசினோ இல்லை. தொழிலுக்குப் போவதென்றால் கத்தானியாவுக்கு ஒரு பஸ், துறைமுகத்துக்கு இன்னொரு பஸ், பிறகு மால்டாவுக்குக் கப்பல், அங்கே அறை, சாப்பாடு. போதாததற்கு, ஒவ்வொரு ஆட்டத்திலும் கசினோ தன் பங்கை உருவிக்கொள்ளும். திரும்பி வந்து, "இந்த முறையும் லாபம்" என்பான். கப்பல் காசைக் கேட்டால், "அது வேறை கணக்கு" என்பான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று யார் சொன்னார்களோ, இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மிஞ்சிய காசையும் தொட முடியாது. அது தொழிலுக்குப் போட்ட முதல் என்பான். கோடை வெயிலில் பிரிட்ஜ் நின்றுபோய்ப் பாலெல்லாம் திரைந்த அன்று கேட்டுப் பார்த்தாள்.

"அதிலை கை வைக்கேலாது. தொடந்து தோத்தாலும் தாக்குப்பிடிக்கத்தான் அந்தக் காசு. தொழில்காரர் எல்லாரும் அப்பிடித்தான்."

"அப்ப அந்தத் தொழில்காரரின்ரை மனிசிமார் பிரிட்ஜுக்கு என்ன செய்யினம்?"

"உமக்கு விளங்காது."

நன்றாக விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களின் உடுப்புகளுக்கு அயன் பண்ணி, பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டாள்.

உண்மையான இடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. அவர்களுக்கும் மகள் கேசிகாவுக்கும் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, முடியப்போகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். கிருசாந்தினி பிரான்காச்சோப் பகுதியில் மாடிப்படி கழுவும் வேலைக்குக் கையில்தான் காசு, எழுத்தில் ஒப்பந்தமில்லை. சீட்டில் வென்றதைச் சம்பளம் என்று காட்ட முடியாது. மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பதா, போவதா என்று அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவனோ ஒரு யோசனை சொன்னான்.

"சிஞ்ஞோராவைக் கேட்டுப் பாரும். நான் அங்கை வேலை செய்யிறன் எண்டு எழுதினால் காணும். அதுக்கு அவ கட்டவேண்டிய வரிக்காசை நானே கட்டுறன்."

அவள் போய்க் கேட்டபோது சிஞ்ஞோரா ஒரே போடாகப் போட்டார்: "வேலைக்கு ஆள் வந்தால் எழுதுகிறேன். வராத ஆளுக்கு எழுத மாட்டேன்."

"அப்ப நான் இல்லாத நாளிலை மட்டும் நீர் போம்" என்றான் யசிந்தன். இருந்த நாட்களிலோ களைப்பு என்று படுத்துக்கிடந்தான். ஆகவே காலையில் மாடிப்படி, மத்தியானத்துக்குப் பிறகு சிஞ்ஞோராவின் குளியல், மருந்து, சமையல் என்று அவளே ஓடினாள். ஒப்பந்தம் எழுதும் நாளில் சிஞ்ஞோரா, "யார் பெயரில்?" என்று கேட்டார். வீட்டில் படுத்துக்கிடப்பவனை நினைத்தாள்.

"வேலை செய்யிற ஆளின்ரை பேரிலை" என்றாள் இத்தாலியனில்.

விண்ணப்பத்தில் அவள் காட்டிய இடமெல்லாம், கண்ணைப் போனிலேயே வைத்துக்கொண்டு யசிந்தன் கையெழுத்துப் போட்டான். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அலுவலர் தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்: மனைவி, வேலை செய்பவர். கணவன், மனைவியின் பராமரிப்பில் இருப்பவர்.

அவன் முகம் கறுத்தது. பஸ் தரிப்புவரை அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். கிருசாந்தினிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இனியாவது ரோசம் வரும், போய் ஒரு வேலை தேடுவான் என்று நம்பினாள்.

"இஞ்சேரும்" என்றான் மெல்ல. "யோசிச்சுப் பாத்தால் இதுவும் நல்லதுக்குத்தான். பெர்மெசோக் கவலை இல்லை. இனி நான் பயமில்லாமல் விளையாடலாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதைச் செய்து அவனை நிறுத்த நினைத்தாளோ, அதுவே அவன் தொழிலை நிலைநிறுத்திவிட்டது. சிஞ்ஞோராவின் மருந்து நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் வந்ததும் ஏறி, அவனுக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள்.