வாசலில் நின்ற வெண்டெல்

ஆர்டிஸ் க்வாமுக்குப் பிடித்த வழக்கு, நீதிமன்றத்துக்கே வராத வழக்கு. மினசோட்டாவின் வடக்கே ஓர் ஏரிக்கரை ஊரில், மீன்பிடி சாமான் கடைக்கு மேல்மாடியில் அவள் அலுவலகம். போலீஸ் விசாரித்துக்கொண்டிருக்கும், அரசு வக்கீல் இன்னும் குற்றம் பதிந்திருக்க மாட்டார். அந்த இடைவெளியில்தான் அவள் பிழைப்பு. ஜெயித்தால் யாருக்கும் தெரியாது, தெரியக்கூடாது என்பதுதான் வெற்றியே. கட்சிக்காரர்களுக்கு அவள் போடும் சட்டம் ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

அந்தச் சட்டத்தைச் சோதிக்கவென்றே பிறந்தவன் வெண்டெல் ஸ்டோர்லி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், ஆறடிக்கு மேல் உயரம், நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், துண்டு சுற்றிய பாத்திரத்தோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"எனக்கா கொண்டுவந்தீங்க?" என்றாள் ஆர்டிஸ்.

"இல்லீங்க, கேரினுக்கு. ஹாட்டிஷ், கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்டது. பாவம், அவங்களுக்கு எவ்வளவு சிரமம். போற வழியில குடுத்துட்டுப் போலாம்னு."

கேரின்தான் அவன்மேல் புகார் கொடுத்திருந்தவள். ஆர்டிஸ் எழுந்து வந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"புகார் குடுத்தவங்க வீட்டு வாசல்ல சாப்பாட்டோட போய் நின்னா, சாட்சியைக் கலைக்க வந்தான்னு உள்ள தூக்கிப் போடுவாங்க. இதை மத்தியானம் நான் சாப்பிடறேன். அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. புரிஞ்சுதா?"

"மன்னிச்சுக்கங்க."

"அதையும் சொல்லாதீங்க. போலீஸ்ல அதைத்தானே முதல்ல சொன்னீங்க?"

அதைத்தான் சொல்லியிருந்தான். பனிவண்டி கிளப்பின் விருந்தன்று, சர்ச் கூடத்துக்கு வெளியே கார்கள் நிற்கும் இருட்டில், யாரோ கேரினைப் பின்னாலிருந்து பிடித்துக் காரோடு நெருக்கி, உடம்பெல்லாம் கைவைத்திருக்கிறான். அவள் திமிறிக் காருக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டு, அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தாள். அப்போது மணி ஒன்பதரை. அவள் கண்டது கிளப்காரர்கள் எல்லோரும் போடும் ஆரஞ்சு கோட்டையும் ஆளின் உயரத்தையும்தான். வெண்டெல் முன்னாலேயே விடைபெற்று எழுந்ததை அவள் பார்த்திருந்தாள், அதனால் அவன்தான் என்று நம்பினாள். அவள் பொய் சொல்கிறாள் என்று ஆர்டிஸ் ஒருநாளும் நினைக்கவில்லை. அப்படிக் கிளப்பிவிட்டு ஜெயிக்கிற வக்கீல்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

போலீஸ் கூப்பிட்டதும் வெண்டெல் தனியாகவே போய், சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, "ஒன்பது மணிக்கே சரி வரேன்னு முட்டியைத் தட்டிட்டு எழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். விசாரித்தவர் டெக்சாஸிலிருந்து புதிதாக வந்தவர். எழுந்தவன் அப்போதே வெளியே போய்விட்டான், அரைமணி நேரம் இருட்டில் காத்திருந்தான் என்று எழுதிக்கொண்டார். குற்றம் பதிந்தால் பேருந்துச் சாவி அன்றே போய்விடும். பின்னால் விடுதலையே ஆனாலும் எந்தத் தாய் தன் பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றுவாள்?

"எழுந்ததும் வெளிய போய்ட்டீங்களா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

வெண்டெலுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "எழுந்த உடனே போறதா? என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே. இங்கே விடைபெறுவதென்றால் மேசையருகே ஒரு பேச்சு, கோட்டு மாட்டும்போது ஒன்று, கதவுப்பிடியில் கை வைத்தபின் வானிலை, அதற்கப்புறம்தான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும்.

அடுத்த வாரம் முழுக்க அவள் வீடு வீடாகப் போனாள். விருந்தன்று பாதிரியார் கூடத்து வாசலில் வைத்து வெண்டெலிடம் படகு மோட்டாரைப் பற்றிப் பேசியிருக்கிறார். டார்லா என்கிற அம்மாள் வெள்ளரி ஊறுகாய் பாட்டில்களை அவன் கையில் திணித்திருக்கிறாள்.

"அவரா? கேரினோட கார் கிளம்பிப் போற சத்தம் கேக்கும்போதுகூடக் வாசலை அடைச்சுக்கிட்டு நின்னாரே, அதுவரைக்கும் வெளிய ஒரு அடி வைக்கல" என்றாள் டார்லா. "எனக்குக் குளிர்ல காலே மரத்துப்போச்சு. எப்படிங்க போங்கன்னு சொல்றது?"

ஒவ்வொரு வீட்டிலும் ஆர்டிஸும் அதேமாதிரி வாசலில் நிற்கவேண்டியிருந்தது. நாளுக்கு இரண்டு வீடுகூட முடியவில்லை.

அரசு வக்கீல் ஹால்வர்சனும் உள்ளூர்க்காரர்தான். சாட்சிகள் சொன்னதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த டெக்சாஸ்காரருக்கு இதை எப்படி விளக்கறது? சரி, ஆர்டிஸ், உங்க ஆள்மேல குற்றம் பதியல."

சந்தோஷத்தோடு அலுவலகம் திரும்பி வெண்டெலிடம் சொன்னாள். அவன் தொப்பியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"வாசல்ல நான் நிக்கும்போது கிளப் கோட்டு போட்ட ஒருத்தர் வெளிய போனார். அவருக்காகக் கதவைத் திறந்து பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல மூச்சிறைக்கத் திரும்பி வந்தார், அப்பவும் பிடிச்சேன். ரெண்டு தடவையும் நன்றியே சொல்லல. அது எனக்கு மறக்கவே இல்ல. இதைப் போய்ச் சொல்லணும்."

"வேண்டாம்" என்றாள் ஆர்டிஸ். "இப்பப் போய்ப் பேசினா திரும்பவும் உங்களைக் கிண்டுவாங்க. நம்ம வேலை முடிஞ்சுது, வெண்டெல்."

"கேரினுக்கு முடியலையே."

ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எந்தக் கட்சிக்காரனும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை, அவளாகவும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, அவனை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. தன் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, மறுநாள் அவனைத் தானே ஹால்வர்சனிடம் கூட்டிப்போனாள். அவன் ஒரு பெயரைச் சொன்னான். இரண்டு வாரத்தில் அந்த ஆள் ஒப்புக்கொண்டான்.

மே மாதத்தில் ஒருநாள் வெண்டெல் மாடியேறி வந்தான், இந்தமுறை பாத்திரம் அவளுக்கே. அன்று காலை பேருந்து போனபோது கேரின் தன் வீட்டுத் தபால்பெட்டி அருகே நின்றிருந்தாளாம். அவனைப் பார்த்துக் கையைத் தூக்கி அசைத்தாளாம்.

"நீங்க ஒண்ணும் பேசலையே?" என்றாள் ஆர்டிஸ், பழக்கதோஷத்தில்.

"பேசலீங்க. நீங்கதான் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றான் வெண்டெல். "பதிலுக்கு ஸ்டீயரிங்ல இருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினேன்."