கால் ஒடிந்தவள் கட்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் சண்டை போட வேறு விஷயமே கிடைக்கவில்லை. பட்டணத்துத் தியேட்டருக்கு வந்த ஒரு அமெரிக்கப் பேசும்படம், அந்த டாக்கிதான் எல்லார் வாயிலும் அகப்பட்டுக்கொண்டது. ஒரு நாடகக் கம்பெனியின் திரைக்குப் பின்னால் நடக்கும் கதை அது. கதாநாயகி மாடிப்படியில் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறாள். அங்கே உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த பெண் அவள் இடத்தில் ஏறி ஆடி, கைதட்டலை அள்ளிக்கொண்டு போகிறாள்.

பாஷை புரியாதவர்கள்தான் அதிகம் வாதாடினார்கள். குடியிருப்பு நாடக சபையின் செயலாளரும் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியுமான இராமலிங்கம் மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து, "திறமை இருந்தா எவளும் ராணிதான்! அதான்யா கதை" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். காப்பிக்கடையில் பாதிப்பேர் அது கலப்படமில்லாத பொய் என்றார்கள். ஊசி பிடித்த கை ஒரே நாளில் ஆட்டம் பழகுமா என்று கேட்டார்கள். மீதிப்பேருக்குக் கதையைப் பற்றிக் கவலையில்லை. வரிசையாக உயர்ந்த ஆட்டக்காரிகளின் கால்களைப் பற்றித்தான் பேச்சு.

படம் பார்த்துவிட்டு வந்த சீதாலெட்சுமிக்கு வேறு கணக்கு. "உடுப்புதான் கண்றாவி. ஆனா அந்தத் தையக்காரப் பொண்ணு பாவம். விடிஞ்சதிலேருந்து ஆடுது, ஒருத்தனாச்சும் ஒரு வாய் சோறு போட்டானா?" என்றாள். வீடு திரும்பும் வரை அந்தப் பெண்ணின் பசியைப் பற்றியே பேசினாள்.

அவள் புருஷன் சபாபதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கால் ஒடிஞ்சவ என்ன ஆனா?"

"ஆமா, அவளைத்தான் அப்புறம் காட்டவே இல்லையே" என்றாள் சீதாலெட்சுமி. அத்தோடு மறந்துவிட்டாள்.

சபாபதி மறக்கவில்லை. சிக்னல் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கத்தரிப்பது அவர் வேலை. பேச்சு குறைவு, பாட்டு அறவே கிடையாது. பஜனையில்கூட தாளம் தட்டுவாரே தவிர வாய் திறக்க மாட்டார். சபை நாடகங்களில் வேஷக்காரர்களுக்கு அரிதாரம் பூசிவிட்டுத் திரைக்கயிறு இழுப்பார். அதுவும் கூலியில்லாத வேலை.

அந்த வருஷத் தீபாவளி நாடகத்துக்குப் பத்து நாள் இருந்தபோது வினை வந்தது. பட்டறையில் வேலை பார்க்கும் அய்யாவுதான் சபையில் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட். வருஷம் முழுவதும் இரும்படித்தாலும் அந்த ஒரு நாளுக்காகவே உயிர் வைத்திருந்த மனுஷன். அவர் காலில் இரும்புத் துண்டு விழுந்து எலும்பு முறிந்துவிட்டது.

சபைக் கூட்டத்தில் இராமலிங்கம் துள்ளி எழுந்தார். "டாக்கியிலே பார்த்தோமே, அதே கதைதான்! நம்ம சபைப் பையன் பாலனைப் போடுவோம். முகம் லட்சணமா இருக்கு, ஆட்டமும் வரும். அய்யாவு வீட்டிலே படுத்து ஓய்வெடுக்கட்டும்லா."

எல்லாரும் கை தூக்கினார்கள். படத்தைப் பொய் என்று காப்பிக்கடையில் கத்தியவர்கள்கூடத் தூக்கினார்கள். அந்தப் பாழாய்ப்போன டாக்கி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

சபாபதி எழுந்து நின்றார். அவர் குரலைக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

"நான் பதிமூணு வயசிலே பாய்ஸ் நாடகக் கம்பெனியோட கிள்ளானுக்கு வந்தேன். நான்தான் ஸ்திரீபார்ட். மூணாம் நாள் மேடையிலே பாடிக்கிட்டிருக்கும்போது மகரக்கட்டு வந்து குரல் உடைஞ்சுது. ஜனம் சிரிச்சுது. மறுநாள் என் சேலையை வேற பையனுக்குக் கட்டினாங்க. நல்லாத்தான் பாடினான், கைதட்டுனாங்க. கம்பெனி பினாங்குக்குப் போச்சு, என்னைக் கிள்ளான் டேசன்லே விட்டுட்டு. நானும் ஓய்வுதான் எடுத்துக்கிட்டிருக்கேன், இருபத்தஞ்சு வருசமா."



"அப்ப நாடகத்தை நிறுத்தச் சொல்றீங்களா அண்ணே?" என்றார் இராமலிங்கம், இறங்கிய குரலில்.

"ஏன் நிறுத்தணும்? எனக்குக் குரல் போச்சு. அய்யாவுக்குக் கால்தானே போச்சு? பாலன் ஆடட்டும். அய்யாவு பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாலே உக்காந்து பின்பாட்டு பாடட்டும்."

சபாபதியின் இந்தப் பழங்கதை வேலிக்கு வேலி தாவிச் சீதாலெட்சுமியிடம் வந்து சேர்ந்தது. "ஊருக்கே தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

தீபாவளி மாலை. நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட அய்யாவு, கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலனுக்கு வேஷம் போட்டு முடிந்ததும் சபாபதியைப் பார்த்துக் கூச்சத்தோடு சொன்னார்: "அண்ணே, எனக்கும் கொஞ்சம் பூசிவிடுங்களேன். யாரும் பார்க்கப்போறதில்லைதான்…"

சபாபதி அவருக்கும் அரிதாரம் பூசி, மை தீட்டி, பொட்டு வைத்தார். நேராக வரும்வரை பொட்டை இரண்டு தடவை அழித்து வைத்தார்.

பாலன் அழகாகத்தான் ஆடினான். அவன் வாயசைக்க, அய்யாவுவின் குரல் படுதாவைத் தாண்டிப் போய் ஜனத்தைக் கட்டிப்போட்டது. சோகப் பாட்டு முடிந்ததும் கொட்டகையே எழுந்து நின்றது. "பாலன்! ஒன்ஸ் மோர்! பாலன்!"

இராமலிங்கம் பூரித்துப்போய், திரையைப் போடச் சொல்லிக் கை காட்டினார். சபாபதி பெரிய திரையின் கயிற்றைத் தொடவில்லை. பக்கத்துப் படுதாவின் கயிற்றைப் பிடித்து இழுத்து அதை உயர்த்தினார்.

நாற்காலியில், நீட்டிய காலோடு, முழு அரிதாரத்தில் அய்யாவு உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது. சத்தம் சட்டென்று நின்றது. முன்வரிசையில் யாரோ, "யாருய்யா இது?" என்று கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சீதாலெட்சுமி எழுந்து, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கால் ஒடிஞ்சவ!"

முதலில் சிரிப்புதான் வந்தது. அதன் பிறகு வந்த கைதட்டல் நிற்கவேயில்லை. படுதா மறுபடி விழுந்துவிடாதபடி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், சபாபதி அழுதுகொண்டே நின்றார்.