வெர்னாவின் ‘ஆக்சுவலி’

“ஆக்சுவலி இந்தத் தொப்பி உனக்கு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே என் உருளைக்கிழங்கு ஃபிரைஸ் மேல் இன்னொரு கரண்டி இறைச்சிக் குழம்பை ஊற்றுவாள் வெர்னா மெல்னிக். கனடாவில் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கின் கேன்டீன் அவள் பொறுப்பு. கேட்காமலே கூடுதலாகப் போடுவாள், கேட்காமலே பாராட்டுவாள். கோல்கீப்பரிடம், “ஆக்சுவலி இன்னிக்கு நல்லா ஆடினே.” பாதிரியாரிடம், “ஆக்சுவலி உங்க பிரசங்கம் புரிஞ்சுது.” அவள் உள்ளே திரும்பியதும் வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

சென்ற மார்ச்சில் அவள் கணவனும் என் பள்ளித் தோழனுமான கோர்டிக்குப் பணி ஓய்வு விருந்து. சஸ்காட்சுவான் பனிப்புயலிலும் ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் விழாமல் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். வெர்னா மைக்கைப் பிடித்தாள். “எங்க கோர்டி ஆக்சுவலி ரொம்ப நல்ல டிரைவர். ஆக்சுவலி நல்ல புருஷனும்கூட.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கோர்டியும் சிரித்தான், தட்டிலிருந்த கேக்கைப் பார்த்தபடி.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது வெர்னா கேட்டாள்: “ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?”

நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோர்டிதான் சொன்னான்.

“‘உண்மையிலேயே’ன்னு நெனச்சுதான் நீ சொல்றே. கேக்குறவங்களுக்கு, ‘நான் எதிர்பாக்கல, பரவால்லையே’ன்னு காதுல விழுது.”

“உனக்குமா?”

“பழகிப்போச்சு, வெர்ன்.”

“எப்பலேருந்து?”

“கல்யாணத்தன்னிக்கே. கேக் வெட்டும்போது சொன்னியே, ‘ஆக்சுவலி நான் சந்தோஷமா இருக்கேன்’னு.”

குழாயை மூடத் தோன்றாமல் நின்றாள். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. “மருமககிட்டக்கூட சொன்னேனே, கோர்டி. புள்ள பொறந்தன்னிக்கு. ‘ஆக்சுவலி அழகாயிருக்கான்’னு.”

அதற்குப் பிறகு பேச்சு குறைந்துபோனது. பாராட்ட வாயெடுப்பாள், “ஆக்...” என்று தொடங்கியதை இருமலாக மாற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள். “எங்களைத் திட்டவாவது செய்யேன், வெர்னா!” என்று ஆட்டக்காரர்கள் கெஞ்சுகிறார்கள். தலை குனிந்தபடியே குழம்பை ஊற்றுகிறாள்.

போன ஞாயிறு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய கோர்டி புதுக் கோட்டில் கவுண்டர் முன் வந்து நின்றான்.

“எப்படி இருக்கேன்?”

வெர்னாவின் உதடுகள் பிரிந்தன, மூடிக்கொண்டன. கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு அவன் காலரைச் சரிசெய்தாள். வரிசை முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, கையை அங்கேயே வைத்திருந்தாள்.