வெளிக்காற்றுக் கதவு

இந்த ஊரில் உப்பு கசிவதே இல்லை. கோயமுத்தூரில், சிங்காநல்லூரில் நாங்கள் இருந்த வீட்டில் ஐப்பசி பிறந்தால் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்கும். என் மனைவி பிலோமினா அதில் நாலு அரிசியைப் போட்டு வைப்பாள். இங்கே ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டில், பிரான்சிஸ்டவுன் என்கிற இந்த ஊரில் ஜாடியை ஒரு மாதம் திறந்தே வைத்திருந்தாலும் உப்பு ஆற்று மணல் போலச் சலசலவென்று கொட்டும். துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்து விறைத்துவிடும். குளிர்மாதக் காலையில் கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். இட்லி மாவு பொங்க மாட்டேன் என்று மேலே ஏடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிலோமினா இதையெல்லாம் குறையாகச் சொல்லிப் புலம்புவாள். எனக்கோ ஒவ்வொன்றும் நல்ல சேதி. நாங்கள் இவ்வளவு தூரம் வந்ததே இந்த வறட்சியைத் தேடித்தான்.

தொண்ணூற்று மூன்றில் இதைச் சொன்னபோது எங்கள் கோயமுத்தூர் மில்லில் சிரிக்காத ஆள் இல்லை. என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ரங்கசாமி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க அருளு, ஊர் ஊரா ரிட்டயர் ஆனவங்க எல்லாம் கிளைமேட்டு நல்லாருக்குதுன்னு நம்மூருல வந்து ஊடு கட்டறாங்க. நீங்க கிளைமேட்டுக்காக ஆப்பிரிக்கா போறீங்களாக்கு? போறதுக்கு முன்னால மண்டைய ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டுப் போங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர் என்று பெருமை பேசிப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காற்று மில்லுக்குள் வரலாமா கூடாதா என்று முடிவு செய்கிற வேலையில் பதினோரு வருஷம் இருந்தவன் நான் என்பதுதான் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூற்பாலைக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காற்று காய்ந்தால் நூல் பட்பட்டென்று அறும். அதற்காகத் தண்ணீரைப் பனி போலத் தெளித்து, அந்த ஈரக்காற்றைக் கூரையடிக் குழாய்கள் வழியாக மில் முழுக்க அனுப்புகிற ஒரு பிளான்ட் உண்டு. அதை ஓட்டியவன் நான். அதில் வெளிக்காற்றை உள்ளே விடுகிற ஒரு தகரக் கதவு இருக்கும். சக்கரத்தைத் திருகினால் திறக்கும், மூடும். வெயில் காலத்தில் வெளிக்காற்று வந்தால் ஈரம் போய்விடும் என்று மேலதிகாரிகள் மூடச் சொல்வார்கள். மூடினால் உள்ளே இருக்கிற காற்றே பஞ்சுத் தூசியோடு திரும்பத் திரும்பச் சுற்றும். மூடு என்றார்கள், மூடினேன். நூல் அறவில்லை. நல்ல வேலைக்காரன் என்று பேர் வாங்கினேன்.

அந்தக் குழாய்க்கு நேர் கீழே, நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில் நின்றவள்தான் பிலோமினா. ஒரு சித்திரை மாதம், மதிய ஷிப்டில், தலையெல்லாம் பஞ்சு படிந்து நரைத்த கிழவி மாதிரி வந்து நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. "ஏனுங்கண்ணா, மேல அந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து உடுங்க. மூச்சு முட்டுதுங்க" என்றாள். "நூல் அறுந்தா நீ பதில் சொல்றயா?" என்று கேட்டேன். "அறுந்தா நாங்க முடிச்சுப் போட்டுக்கறமுங்க, உங்களுக்கென்ன?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வெடுக்கில்தான் நான் விழுந்தேன். அடுத்த வருஷமே எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் ஆயிற்று. அண்ணா என்று கூப்பிட்டவனையே கட்டிக்கொண்டாள் என்று அவள் தோழிகள் ரொம்ப நாள் கேலி செய்தார்கள். ஆனால் அன்றைக்கு நான் கதவைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஏழு வருஷம் அந்த இடத்தில்தான் நின்றாள். அந்த ஏழு வருஷத்திலும் நான் திறக்கவில்லை.

அவளுக்கு மூச்சிழுப்பு முதலில், ஞாயிறு லீவு முடிந்து மில்லுக்குள் நுழைகிற திங்கட்கிழமைகளில்தான் வந்தது. பிறகு எல்லாக் கிழமையும் வந்தது. வேலையை விட்டாள், இழுப்பு விடவில்லை. தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி அவள் மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று வரும். எங்கள் பிளான்ட்டில் கதவை இறுக்கி மூடும்போது கடைசி இடுக்கில் கேட்கிற அதே சத்தம். அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். "பஞ்சும் ஆகாது, ஈரமும் ஆகாது. வறண்ட ஊராப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார் நெஞ்சு டாக்டர். வறண்ட ஊரில் நான் என்ன வேலை செய்வது? கேட்டுப் பார்த்தால், வறண்ட ஊர் மில்லுக்குத்தான் என்னைப் போன்ற ஆள் தேவையாம்! தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த ஊர் நூற்பாலையில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் மில்லுக்குள் ஈரத்தை உண்டாக்கிவிட்டு, சாயங்காலம் ஈரமில்லாத வீட்டுக்கு வருகிறேன்.

வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் விசாரிக்க வந்தார். இங்கே தாய்மார்களைப் பிள்ளையின் பேரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இவர் மா நேயோ, நேயோவின் அம்மா. இத்தனை தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இங்கே மழையே இல்லை. ரொம்ப நல்ல ஊர்" என்று மனசாரப் பாராட்டினேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. இந்த நாட்டில் மழைக்குப் பேர் புலா. வாழ்த்துவதும் புலா என்றுதான், அவர்கள் ரூபாய்க்கும் அதே பேர்தான். மாடுகள் தண்ணீரின்றிச் செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. "இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் மழைக்காக மன்றாடும்போது எல்லோரும் கண்ணீர் விட்டுப் பதில் சொல்வார்கள். என் வாய் திறக்காது. இன்னும் ஒரு வருஷம் பெய்யாமல் இரும் ஆண்டவரே என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வேன். அந்தப் பாவத்தை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் நான் சொன்னதில்லை.

முதல் ஆறு மாதம் அவளுக்கு இழுப்பே வரவில்லை. பிறகு இந்த ஊரின் குளிர்காலம் வந்தது, வறட்சியின் உச்சம். உதடு பிளந்தது, குதிகால் வெடித்தது. ஒருநாள் காலையில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகித் துண்டெல்லாம் சிவந்திருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். மில்லிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி வந்து நனைத்து ஜன்னலுக்கெல்லாம் கட்டினேன். டேபிள் ஃபேனை அதன் பின்னால் வைத்தேன். தரையில் தண்ணீர் தெளித்தேன். இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்தேன். இரண்டே நாளில் மூக்கு ரத்தம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏனுங்க, மில்லுக்குள்ள நிக்கறாப்பலயே இருக்குதுங்க" என்றாள் பிலோமினா. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மூடன்!

மூன்று வாரம் கழித்து வேலையிலிருந்து திரும்பும்போது வாசலிலேயே அந்த விசில் கேட்டது. உள்ளே அவள் சுவரைப் பிடித்தபடி உதடு நீலம் பாரித்து நின்றாள். மா நேயோதான் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சாக்குகளைப் பிய்த்து எறிந்தார், ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தார். அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கருகருவென்று பூசணம் பிடித்திருந்தது. கடல் தாண்டிக் கூட்டி வந்து, அவளுக்காக இன்னொரு மில்லை நானே கட்டி, கதவையும் நானே சாத்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். மா நேயோ என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்று மதியம் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "பிலோ, அன்னிக்கு மில்லுல நீ கேட்டப்பவே அந்தக் கதவ நான் தொறந்திருக்கலாம்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல், "எந்தக் கதவுங்க?" என்றாள். பிறகு, "சோறு ஆறுதுங்க, வாங்க" என்றாள். அவ்வளவுதான். உண்மையிலேயே மறந்துவிட்டாளா, நான் பேசக் கூடாது என்று மறித்தாளா, தெரியவில்லை. அவள் திட்டித் தீர்த்திருந்தால்கூட அந்தப் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும். அது முடியாமல் எங்களோடு வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது.

இடையில் ஒருமுறைதான் ஊருக்குப் போனோம். காரமடையில் அவள் அண்ணன் மகள் கல்யாணம். ஐப்பசி அடைமழை. கோயமுத்தூர் உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது குளத்துப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தாள். மூன்றாம் நாள் இழுப்பு வந்தது. தாலி கட்டும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். அவள் அண்ணன் கல்யாண வேட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, இவள இனி இங்க கூட்டிட்டு வராதீங்க. உசுரோட இருக்கறான்னு லெட்டர் வந்தாப் போதும்" என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் இங்கே மழை பெய்தது. இரண்டு வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு பெய்த முதல் மழை. மதியம் மூன்று மணி இருக்கும். தகரக் கூரையில் கல் எறிந்தது போலத் தொடங்கியது. தெரு முழுக்க "புலா! புலா!" என்று கத்திக்கொண்டு ஓடியது. மா நேயோ முற்றத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நான் மட்டும் அறை அறையாக ஓடி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சமையலறை ஜன்னலுக்கு வந்தேன். வெளியே, ஜன்னலுக்கு நேர் எதிரே, தலைமுதல் கால்வரை நனைந்துபோய் பிலோமினா நின்றிருந்தாள். "உள்ள வா, மூச்சு இழுக்கும்" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. நான் சாத்தப் போகிற ஜன்னல் கதவையும் அதைப் பிடித்திருந்த என் கையையும் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா" என்றாள். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய குரல். "இந்த ஒருக்காவாச்சும் தொறந்து உடுங்க."

அவள் எதையும் மறந்திருக்கவில்லை. நான் கதவை முழுதாகத் தள்ளித் திறந்தேன். காய்ந்து கிடந்த மண்ணின் வாசனை குப்பென்று வீட்டுக்குள் வந்தது. "நம்மூரு வாசமுங்க" என்று சொல்லி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சின் நுனியில் மிக மெல்லியதாக அந்த விசில் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். இன்னொரு மூச்சை அதைவிட ஆழமாக இழுத்தாள். சாத்து என்று என் கை துடித்தது. சாத்தாமல் ஜன்னலைப் பிடித்தபடியே நின்றேன். கை முழங்கை வரைக்கும் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் உள்ளே, காய்ந்த தரையில் இருந்தன.